கப்பலேறி வந்த கிருமி

ஒரே நாட்டில், ஒரே மழையில் நனைந்து வாழும் மூன்று இனத்தாரின் இரைப்பைகள் மூன்று விதமாக இருக்குமா? மலேசியாவில் இருக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இரைப்பை, குடல் மருத்துவராக இருந்த கோ கியென் லீயும், நுண்ணுயிரியல் ஆய்வாளர் பரசக்தியும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஹெலிக்கோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா ஒருவருக்குத் தொற்றியிருந்தால் இரத்தத்தில் அதன் தடயம் இருக்கும். நாட்டின் பல பகுதிகளில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இந்தியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் தடயம் இருந்தது. சீனர்களிடம் ஊருக்கு ஊர் மாறி, கால்வாசியிலிருந்து பாதிக்குச் சற்று மேல் வரை இருந்தது. மலாய்க்காரர்களிடம் எங்கு பார்த்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழேதான்.

இந்த எண்களை இன உயர்வு தாழ்வாகப் படிக்கக்கூடாது. ஒவ்வொரு சமூகமும் எந்த ஊரிலிருந்து வந்தது, எப்படிப்பட்ட வீட்டில் குழந்தைகளை வளர்த்தது என்பதன் பதிவு இது. வடக்கு சிலாங்கூரின் தோட்டப்புறத்தை வைத்துப் பார்த்தால் அது நன்றாகவே விளங்கும்.

முதலில் கிருமியைத் தெரிந்துகொள்வோம். 1980-களின் தொடக்கம் வரை, இரைப்பை அமிலத்தில் எந்தப் பாக்டீரியாவும் குடியிருக்க முடியாது என்றுதான் மருத்துவப் பாடநூல்கள் சொல்லின. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர், புண்பட்ட இரைப்பையின் திசுத் துணுக்குகளில் சுருள் வடிவக் கிருமிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இளம் மருத்துவர் பேரி மார்ஷல் அவற்றை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முயன்றார். எதுவும் வளரவில்லை. வழக்கமாக இரண்டு நாளில் தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் யாரும் தூக்கிப் போடாமல் விட்ட தட்டுகளில் கிருமி வளர்ந்திருந்தது. அதற்கு வேண்டியிருந்தது கூடுதல் நாள்கள் மட்டுமே. யாரும் நம்பாததால் 1984-இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பை சிவந்து வீங்கியிருந்தது. இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994-இல், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது.

அமிலத்தில் அது உயிர் பிழைப்பது எப்படி? யூரியேஸ் என்ற நொதியை அது ஏராளமாகச் சுரக்கிறது. நம் உடலில் இயல்பாகவே உள்ள யூரியாவை அந்த நொதி உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. அம்மோனியா காரத்தன்மை உடையது. தன்னைச் சுற்றி அமிலம் தணிந்த ஒரு சிறு வளையத்தை உண்டாக்கிக்கொண்டு, கிருமி சளிப் படலத்துக்குள் துளைத்துக்கொண்டு போய் அங்கேயே தங்கிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் மெல்லிய அழற்சி நீடிக்கும். அமிலம் சுரக்கும் சுரப்பிகள் தேயும். இரைப்பைச் சுவரின் செல்கள் குடல் செல்களைப் போல் உருமாறும். அந்த மாற்றம் முற்றினால் புற்று. தொற்று உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரைதான் அந்தக் கடைசிப் படி வரை போகிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுதும் ஒன்றும் தெரியாமலே இருந்துவிடுவார்கள்.

இது பெரும்பாலும் சிறு வயதில், பத்து வயதுக்குள், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. நெருக்கமான வீடும் பொதுக் குழாயும் அதற்குத் தோது. இப்போது கோலசிலாங்கூர் மாவட்டத்தை எண்ணிப் பாருங்கள். பத்தாங் பெர்ஜுந்தை (2007-இலிருந்து பெஸ்தாரி ஜெயா) பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோக்கோன்யே மலேசியாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். அதற்கு முன்பும் பின்பும் புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் என்று சுற்றுவட்டாரம் முழுக்க ரப்பர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய குடும்பங்கள் அங்கே லயத்து வீடுகளில் இறங்கின. ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, வரிசைக்கு ஒரு தண்ணீர்க் குழாய். விடியுமுன் அம்மா பால் மரம் சீவப் போக, பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் ஒரே ஆயாவின் கையால் சாப்பிட்டு வளர்ந்தார்கள். துறைமுகத்தில் பயணிகளைத் தடுத்து வைத்து அம்மை, வாந்திபேதி இருக்கிறதா என்று சோதித்தார்கள். இரைப்பைச் சுவரில் உட்கார்ந்திருந்த பயணியை எந்தச் சோதனையும் பிடிக்கவில்லை.

கதைக்குச் சாட்சி கிருமியின் மரபணுவிலேயே இருக்கிறது. மலேசியர்களிடம் எடுத்த கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஒரு ஆய்வு 2009-இல் வெளிவந்தது. கோ கியென் லீயும் அதில் பங்கேற்றவர். மலேசியச் சீனரின் கிருமி கிழக்காசியக் குலத்தைச் சேர்ந்தது. மலேசிய இந்தியரின் கிருமி இந்தியாவில் உள்ள குலத்தைச் சேர்ந்தது. மலாய்க்காரரிடம் இருந்ததோ பெரும்பாலும் இந்தியக் குலக் கிருமிதான். அவர்களுக்கு இது பழைய சொத்தல்ல, அண்மைக் காலத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். கிளந்தானில் தொற்று மிக மிகக் குறைவாக இருப்பதும் இதோடு பொருந்துகிறது. அங்கே தோட்டப்புற இந்தியர் குறைவு.

ஆனால் ஒரு புதிர். கிருமி அதிகம் இந்தியரிடம். இரைப்பைப் புற்று அதிகம் சீனரிடம். இந்தியர் இரண்டாம் இடம், மலாய்க்காரர் கடைசி. இந்தியாவிலும் இதே கதைதான்: தொற்று ஏராளம், புற்று அந்த அளவுக்கு இல்லை. கிழக்காசியக் கிருமி செல்லுக்குள் செலுத்தும் காக்-ஏ என்ற புரதம் இந்தியக் குலத்தினுடையதைவிட வீரியமானது என்பது ஒரு விளக்கம். உப்பிட்டுப் பதப்படுத்திய உணவு இன்னொரு காரணம். மஞ்சளும் மிளகும் நம்மைக் காக்கின்றன என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அதற்கு உறுதியான சான்று கிடையாது, நான் நம்பவும் இல்லை.

கிருமியைக் கண்டுபிடிக்க இன்று வயிற்றுக்குள் குழாய் விட வேண்டியதில்லை. முதலில் ஒரு பைக்குள் ஊத வேண்டும். பிறகு யூரியா கலந்த பானம் ஒரு மடக்கு. அந்த யூரியாவில் கார்பன்-13 என்ற சற்றுக் கனமான, கதிரியக்கம் இல்லாத கார்பன் அணு சேர்த்திருக்கும். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் யூரியாவை உடைத்து, கனமான கார்பனைக் கரியமில வாயுவாக இரத்தத்தில் கலக்கவிடும். அது நுரையீரல் வழியே மூச்சில் வந்துவிடும். அரை மணி கழித்து இன்னொரு பைக்குள் ஊதினால் சோதனை முடிந்தது. கிருமி தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட வேலியே அதைக் காட்டிக்கொடுக்கிறது. மனிதர் வீட்டிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். பை போனால் போதும்.

ஒரு நிபந்தனை உண்டு. அமிலத்தை அடக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். நம் ஊரில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நெஞ்சு எரிந்தாலும் வயிறு உப்பினாலும் பசிக்காவிட்டாலும் எல்லாம் கேஸ்திரிக். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் எரிச்சல் அடங்கும். கிருமியும் சோதனைக்குச் சிக்காமல் அடங்கும். சில சமயம் தொடக்க நிலைப் புண்ணின் வலியும் அடங்கிவிடும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்கும் கேஸ்திரிக், காரணம் இல்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது தடைபடுவது, தார் போல் கறுத்த மலம், வெளிறிப் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரைக் கடைக்குப் போகாமல் உள்நோக்கிச் சோதனைக்குப் போக வேண்டும். வெற்றிலையில் புகையிலை வைத்து மெல்லும் பாட்டிகளுக்கும், கள்ளும் சம்சுவும் பழகிய தாத்தாக்களுக்கும் விழுங்குவதில் தடை என்பது இன்னும் அவசரமான செய்தி. வாயிலும் உணவுக் குழாயிலும் வரும் புற்றுக்கு அந்தப் பழக்கங்கள் நேரடிக் காரணம். மலேசியாவில் வாய்ப்புற்று மிக அதிகம் தாக்குவது இந்தியப் பெண்களைத்தான்.

கிருமி இருப்பது உறுதியானால், அமிலத்தை அடக்கும் மருந்தோடு இரண்டு மூன்று ஆன்டிபயாட்டிக் சேர்த்துப் பத்து முதல் பதினான்கு நாள் சாப்பிட வேண்டும். வாயில் இரும்பைக் கடித்தது போல் ஒரு கசப்பு, வயிற்றுப்போக்கு வரலாம். மெட்ரோனிடசோல் என்ற மருந்து சேர்ந்திருந்தால் அந்த நாள்களில் ஒரு சொட்டு மதுவும் ஆகாது. நான்காம் நாளே நிறுத்திவிடுபவர் பலர். அப்படி நிறுத்துவதால் மருந்துக்கு மசியாத கிருமி மட்டும் மிஞ்சும். முடித்து ஒரு மாதம் கழித்து மறுபடி ஊதிப் பார்த்தால்தான் ஒழிந்ததா என்று தெரியும்.

ஒழித்தால் புற்று குறையுமா? இதற்கு நல்ல விடை ஒரு சின்னத் தீவுக் கூட்டத்திலிருந்து வந்தது. தைவானுக்குச் சொந்தமான மாட்சு தீவுகளில் 2004 முதல் ஊர் மொத்தத்துக்கும் மூச்சுச் சோதனை செய்து, தொற்றுள்ளவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். இரைப்பைப் புற்று பாதிக்கு மேல் குறைந்தது. தென் கொரியாவில் இரைப்பைப் புற்று வந்தவர்களின் நெருங்கிய உறவினருக்கு மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வும் 2020-இல் ஏறக்குறைய அதே முடிவைச் சொன்னது. அப்பாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் வந்த வீட்டில் மற்றவர்கள் ஊதிப் பார்த்துக்கொள்வது என் கணக்கில் மிக மலிவான காப்பீடு. புற்றே வந்துவிட்டாலும் மேல்படலத்தைத் தாண்டாமல் இருந்தால், ஜப்பானியர் வளர்த்தெடுத்த முறையில் உள்நோக்கிக் குழாய் வழியாகவே அதைச் சீவி எடுத்துவிடலாம். இரைப்பை இரைப்பையாகவே இருக்கும்.

இனி தூரம். மலேசியாவில் அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. ஆகவே பணம் தடையில்லை என்று கோலாலம்பூரில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் அம்மாவின் கணக்கு வேறு. கிளினிக், அங்கிருந்து தஞ்சோங் காராங் மருத்துவமனை, அங்கிருந்து சுங்கை பூலோவோ கிள்ளானோ செலாயாங்கோ. ஒவ்வொரு பரிந்துரைக் கடிதத்துக்கும் ஒரு நாள் சம்பளம் போகும், வேனுக்கு ஆள் தேட வேண்டும், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். முன்பு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் என்ற மருத்துவ உதவியாளர் ஒருவராவது இருந்தார். தோட்டங்கள் துண்டு போடப்பட்டுக் குடும்பங்கள் தாமான் குடியிருப்புகளுக்குச் சிதறியபோது அவரும் போய்விட்டார். நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடு 2012 முதல் 2016 வரை கண்டறிந்த நோயாளிகளில் 63.7 விழுக்காட்டினர் மூன்றாம், நான்காம் நிலையில்தான் வந்து சேர்ந்தார்கள். முந்தைய ஐந்தாண்டில் அது 58.7. மருத்துவம் முன்னேறிய காலத்தில் வரவு பிந்தியிருக்கிறது!

ஆகவே கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்தப் பகுதிக்கு மிகப் பெரிய கொடை எது என்று கேட்டால், ரோபோ அறுவைச் சிகிச்சையை நான் சொல்லமாட்டேன். மனிதர் இருந்த இடத்தில் இருக்க, மாதிரி மட்டும் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் சோதனைகளைச் சொல்வேன். அதில் தலையாயது கருப்பை வாய்ப் புற்றுக்கானது.

இதற்கும் காரணம் ஒரு தொற்று. எச்.பி.வி. என்ற வைரஸின் 16, 18-ஆம் வகைகளை இந்தப் புற்றில் 1983, 84-இல் அடையாளம் கண்ட ஜெர்மானியர் ஹரால்ட் ட்சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு. மலேசியாவில் பாப் ஸ்மியர் 1969-இலேயே வந்துவிட்டது. ஆனால் அதற்குக் கட்டிலில் கால் அகட்டிப் படுக்க வேண்டும். மருத்துவர் ஆணாக இருந்தால் பாதிப் பெண்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அத்தனைக்கும் பிறகு ஒரு தடவை எடுத்த ஸ்மியர், புற்றாகக்கூடிய மாற்றங்களில் பாதிக்குச் சற்று மேல்தான் பிடிக்கிறது. வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை பத்தில் ஒன்பதுக்கு மேல் பிடிக்கிறது.

தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ரெங்கசாமி சங்கரநாராயணன் குழுவினர் கிராமத்துச் செவிலியரைப் பயிற்றுவித்து, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கவைத்தார்கள். ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரில் உள்ள அதே அமிலம். மாறிய திசு ஒரு நிமிடத்தில் வெளுக்கும். வெளுத்ததை அன்றைக்கே உறையவைத்து அழித்தார்கள். 2007-இல் வந்த முடிவு: இந்தப் புற்றால் நேரும் சாவு 35 விழுக்காடு குறைந்தது. இரண்டாண்டு கழித்து மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் அதே குழு செய்த ஆய்வில், வாழ்நாளில் ஒரே ஒரு எச்.பி.வி. சோதனை சாவை ஏறக்குறையப் பாதியாக்கியது.

வைரஸைத் தேடும் சோதனைக்குச் செல்களின் உருவத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எனவே மாதிரியை மருத்துவர்தான் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வூ யின் லிங் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து தொடங்கிய ‘ரோஸ்’ திட்டம் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2018 வாக்கில் அரசாங்க கிளினிக்குகளில் சோதித்துப் பார்த்தார்கள். பெண் தன் கைப்பேசி எண்ணைப் பதிவுசெய்கிறாள். நீண்ட, மெல்லிய பஞ்சுக் குச்சி ஒன்றைக் கொடுக்கிறார்கள். திரைக்குப் பின்னாலோ கழிப்பறையிலோ போய், நின்றபடியோ ஒரு காலைத் தூக்கி வைத்தபடியோ குச்சியைப் பிறப்புறுப்புக்குள் விட்டுச் சில சுற்றுச் சுற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம். சில நிமிட வேலை. முடிவு கைப்பேசிக்கு வரும். யாருக்கு வைரஸ் இருக்கிறதோ அவர் மட்டும் மருத்துவமனைக்குப் போனால் போதும்.

வைரஸ் இருக்கிறது என்ற செய்தி வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். இது உடலுறவில் பரவுவது என்பதால் சந்தேகம் உடனே தலைதூக்கும். இந்த வைரஸ் இருபது ஆண்டுகூட அடங்கிக் கிடக்கலாம். கல்யாணத்துக்கு முந்தியதா பிந்தியதா, யாரிடமிருந்து யாருக்கு என்று எந்த ஆய்வுக்கூடமும் சொல்ல முடியாது. பெரும்பாலான தொற்றை உடலே ஓரிரு ஆண்டில் துடைத்துவிடும். நீடிப்பதுதான் பத்து, இருபது ஆண்டில் புற்றாகும். குறுஞ்செய்தியோடு இதையும் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும்.

பெருங்குடல் புற்றுக்கு இதே போல் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைத் தேடும் சோதனை அரசாங்க கிளினிக்குகளில் இருக்கிறது, 50 வயதானவர்களுக்கு. பழைய முறையில் ஆட்டுக்கறி சாப்பிட்டிருந்தாலும் இரத்தம் என்று காட்டிவிடும். புதிய சோதனை மனித இரத்தத்தின் புரதத்தை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பொருளைக் கொண்டது; கறிக்குழம்பு ஒரு பொருட்டல்ல. இதன் பயன் என்ன? குடலில் மொட்டுப் போல் முளைக்கும் பாலிப், புற்றாக மாறச் சுமார் பத்தாண்டு எடுத்துக்கொள்கிறது. இரத்தம் தென்பட்டால் குழாய் விட்டுப் பார்த்து அங்கேயே அறுத்து எடுத்துவிடலாம். ஆனால் “அது மூலம்தான், உடம்புச் சூடு” என்று இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடுபவர்கள் நம்மில் அதிகம். இரத்தம் தென்பட்டவருக்குக் குடல் உள்நோக்கிச் சோதனைக்கு நாள் மாதக்கணக்கில் கிடைக்காவிட்டால் அந்தச் சோதனைக் குச்சி பயத்தை மட்டும்தான் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறது. சோதனைகளை விரிவாக்கும் அதிகாரிகள் முதலில் எண்ண வேண்டியது உள்நோக்கிக் கருவிகளை.

சிகிச்சையிலும் மயிர்க்கூச்செறியவைக்கும் செய்திகள் இல்லாமல் இல்லை. 2022-இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் மலக்குடல் புற்று வந்த 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற எதிர்ப்பாற்றல் மருந்து மட்டும் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் கட்டி மறைந்தது, கத்தி தேவைப்படவில்லை. மரபணுப் பிழையைத் திருத்தும் பொறி பழுதான கட்டிகளுக்கு மட்டுமே இது பலிக்கும், மலக்குடல் புற்றில் அவை நூற்றுக்குப் பத்துக்கும் உள்ளேதான்.

ஆண்களின் புராஸ்டேட்டுக்கு இரத்தச் சோதனையோடு எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டுப் பிறகுதான் ஊசி குத்திப் பார்ப்பது இப்போது வழக்கமாகி வருகிறது. தேவையில்லாத குத்தல் குறைந்தது. அதைவிட என்னை ஈர்ப்பது சிறுநீர்ப்பை. தோட்டத்துப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் தோளில் காசநோய்த் தடுப்பூசித் தழும்பு இருக்கும், பி.சி.ஜி. 1976-இல் கனடாவில் அல்வாரோ மொராலெஸ் அதே பி.சி.ஜி. கிருமியைக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் ஊற்றினார், ஒன்பது நோயாளிகளுக்கு. பலவீனமாக்கப்பட்ட கிருமி உட்சுவரில் ஒட்டிக்கொள்ள, உடலின் எதிர்ப்பு செல்கள் அங்கே திரண்டு வருகின்றன. கிருமியோடு சேர்த்துப் புற்று செல்லையும் தாக்குகின்றன. தசைக்குள் இறங்காத சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அரை நூற்றாண்டு கழித்தும் அதுதான் முதன்மை மருந்து. சிறுநீரில் வலியில்லாமல் இரத்தம் போவதுதான் இந்த நோயின் வழக்கமான முதல் அறிகுறி. புகைபிடிப்பவராக இருந்து, ஒரே ஒரு நாள் போய் நின்றுவிட்டாலும் சோதிக்க வேண்டும்.

மறுபடி கருப்பை வாய்ப் புற்றுக்கு வருவோம். மலேசியப் பள்ளிகளில் எச்.பி.வி. தடுப்பூசி 2010-இல், முதலாம் படிவத்தில் இருந்த 13 வயதுச் சிறுமிகளுக்குத் தொடங்கியது. கோலசிலாங்கூரின் இடைநிலைப் பள்ளிகளில் அன்று கை நீட்டிய 1997-இல் பிறந்த பெண்கள் 2027-இல் முப்பதைத் தொடுவார்கள், எச்.பி.வி. சோதனை தொடங்கும் வயது அது. அவர்களுக்குச் சோதனை தள்ளிப் போகலாம், குறைவாகவும் செய்யலாம் என்று பல நாடுகளில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களும் பெரியம்மாக்களும் ஊசி போடாத தலைமுறை. பஞ்சுக் குச்சி அவர்களுக்குத்தான் இப்போது வேண்டும்.